நான் எழுதிக் கொடுத்த நோட்டீஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதம். லண்டனின் தெற்கே, சட்டனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு மோர்டனில். விடிய எழும்பிக் குளித்து, சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு பஸ் ஏறினால் ஏழு மணி ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். திருநீற்றை அழித்துவிட்டு வேலைக்கு வரும்படி ஒருவரும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. கேட்டாலும் அழிக்க மாட்டேன். அது வேறு கதை.

என்னோடு ஆறு வருடமாகச் சோடியாக வேலை செய்தவர் போர்த்துக்கல் நாட்டுப் பெண். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'மனா' என்பார். அவர்கள் பாஷையில் சகோதரியை அப்படித்தான் அழைப்பார்களாம். நான் ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அக்கா அதுவும் இல்லை. இரண்டு பேருடைய இங்கிலீஷையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணாது. அதனால் அவர் வேலைக்கு வந்த முதல் மூன்று மாதமும் நாங்கள் சிரித்துக்கொண்டதோடு சரி.

பிறகு ஒருநாள், குளியலறையை மினுக்கிக்கொண்டிருந்தவர் கையை நீட்டி, "துவால்யா, துவால்யா" என்றார். நான் யோசிக்காமலே துடைக்கிற துவாயை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் திகைத்தேன். இவர் எப்படித் தமிழ் கதைக்கிறார்? நான் துவாயைத் தூக்கிக் காட்டி, "துவாய்" என்றேன். அவருக்குக் கண் விரிந்தது. அலுமாரியைக் காட்டினார், "அர்மாரியு" என்றார். நான் "அலுமாரி" என்றேன். அன்று வேலை நடக்கவில்லை. ஜன்னல், மேசை, கதிரை, சாவி என்று ஓடி ஓடித் தொட்டோம். காலில் போட்டிருந்த சப்பாத்து அப்படியே சப்பாத்து. காலையில் சாப்பிடுகிற பாண்கூட கிட்டத்தட்டப் பாண். சமையல் நடக்கும் குசினிக்குப் போனோம், அதுவும் 'குசின்யா'. ஒவ்வொரு சொல்லும் பொருந்தும்போது அக்கா என் உள்ளங்கையில் ஓங்கி அடித்து, "ஸேம்!" என்பார். அதற்குப் பிறகு எங்களுக்குள் இங்கிலீஷ் பெரிதாகத் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவையள் நானூறு வருசத்துக்கு முன்னம் யாழ்ப்பாணத்துக்கு வந்து கோயிலுகளை இடிச்சுப்போட்டு, பதிலுக்கு அலுமாரியும் கதிரையும் தந்திட்டுப் போனவை" என்றார். நான் அதை அடுத்த நாள் கையாலும் காலாலும் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "நான் இல்லை மனா, நான் அப்போது பிறக்கவில்லை" என்றார். அப்படி ஒரு மனுசி.

அதற்கு முந்திய வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு புது மனேஜர் வந்திருந்தார். எந்நேரமும் சிரித்த முகம். ஏழு மணி ஷிப்டுக்கு ஆறே முக்காலுக்கு வந்து நிற்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அக்கா மட்டும், "ஏழு மணி என்றால் ஏழு மணி" என்று சொல்லிவிட்டார். மனேஜர் அதற்கும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து அக்கா துடைத்த ஜன்னலில் மட்டும் அழுக்குத் தெரியத் தொடங்கியது.

இந்த நிலையில்தான் போர்த்துக்கலில் இருந்த அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் கிட்ட வந்தது. முதல் பேரப்பிள்ளை. இரண்டு கிழமை, பதினாலு நாள், லீவு எடுத்துப் போய்வர வேண்டும். லீவு கேட்கும் வேலையெல்லாம் கம்ப்யூட்டரில். அது எங்கள் இருவருக்கும் வராது. கடிதமாக எழுதிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத வராது. எனக்கு வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துணிகள் அடுக்கும் அறையில் இருந்து எழுதினோம். அக்கா, "மனேஜருக்கு நான் நொட்டீசியா கொடுக்க வேண்டும்" என்றார். நொட்டீசியா என்றால் என்ன என்று கேட்டேன். அவர் வாயில் கையை வைத்து, பிறகு என் காதில் வைத்து, பிறகு பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினார். அதாவது செய்தி. சேதி சொல்வது.

"அட, நோட்டீஸ்!" என்றேன் நான்.

எங்களுக்கு நோட்டீஸ் என்றால் என்ன? கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். கடை திறப்புக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். இங்கே மோர்டன் தமிழ்க் கடைகளிலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தேர்த்திருவிழா நோட்டீஸ் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஊருக்கு ஒரு சேதியைச் சொல்வதுதானே நோட்டீஸ்? அவருக்கு நொட்டீசியா, எனக்கு நோட்டீஸ், இல்லத்தின் சுவரில் நோட்டீஸ் போர்ட். மூன்று பாஷையும் பொருந்திவிட்டது. அக்கா என் கையில் அடித்த அடியில் உள்ளங்கை சிவந்தது. "ஸேம்!"

நான் எழுதிய கடிதம் இன்றைக்கும் எனக்குப் பாடம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மதிப்புக்குரிய ஐயா, நான் உங்களுக்கு இரண்டு கிழமை நோட்டீஸ் கொடுக்கிறேன். என் மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. வருகிற பத்தாம் திகதி நான் போர்த்துக்கல் போகிறேன். இவ்வளவு காலமும் செய்த உதவிகளுக்கு நன்றி. கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.' நன்றியும் ஆசீர்வாதமும் என் சொந்தச் சரக்கு. மரியாதையாக இருக்கட்டுமே என்று போட்டேன். அக்கா கீழே கையெழுத்து வைத்தார்.

இரண்டு நாளில் மனேஜர் கடித உறையில் போட்டுப் பதில் கொடுத்தார். அவருடைய கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். உங்கள் நோட்டீஸை ஏற்றுக்கொள்கிறோம், உங்கள் கடைசி வேலை நாள் ஒன்பதாம் திகதி, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்று இருந்தது. பத்தாம் திகதி பயணம், ஒன்பதாம் திகதி கடைசி நாள், கணக்குச் சரி. எதிர்காலம் என்றது பேரப்பிள்ளையை என்று நினைத்தோம். "பார்த்தீர்களா, மனேஜர் அவ்வளவு கூடாத ஆள் இல்லை" என்று நான் வேறு சொன்னேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அக்காவுக்கு லீவு கிடைத்ததற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அதுவும் எப்படி? ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது.

அன்று பின்னேரம், என் இங்கிலீஷைக் காட்டிப் பெருமைப்பட வேண்டும் என்ற ஆசையில், போனில் படம் எடுத்து வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் மகளிடம் காட்டினேன். அவள் இங்கே பிறந்து, இங்கே பட்டப்படிப்புப் படித்தவள். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"அம்மா, உங்கட அக்கா ஏன் வேலையை விடுறா?"

"விசரே உனக்கு? அவ லீவில போறா."

"நோ அம்மா. இது லீவு இல்ல. கிவிங் நோட்டீஸ் எண்டா வேலையை விடுறன் எண்டு சொல்றது. டூ வீக்ஸ் நோட்டீஸ் எண்டு வேற எழுதியிருக்கிறீங்க. அவர் ஓகே எண்டிட்டார். ஷீ'ஸ் கோன், அம்மா."

நாலு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வருத்தம். இந்த வேலை போனால் வேறு ஒருவரும் வேலை கொடுக்க மாட்டார். அவர் வேலையை அவர் விடவில்லை. நான் விட வைத்திருக்கிறேன். என் கையால், என் எழுத்தால், ஆசீர்வாதத்தோடு.

மகள் ஒரு தாளை எடுத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒன்றைக் கண்டு கவனித்தால் அதுவும் நோட்டீஸ். சுவரில் ஒட்டுகிற அறிவித்தலும் நோட்டீஸ். யாராவது கத்தினால் 'டேக் நோ நோட்டீஸ்' என்கிறார்களே, அங்கே அது கணக்கெடுக்காதே என்று அர்த்தம். வேலையையோ வாடகை வீட்டையோ விடுகிறேன் என்று முன்கூட்டிச் சொல்வதும் நோட்டீஸ். ஆனால் போர்த்துக்கீசக்காரர் நொட்டீசியா என்று நினைக்கிற செய்தி இருக்கிறதே, அதற்கு இங்கிலீஷில் 'நியூஸ்' என்பதுதான் சொல். அதை நான் தினமும் டிவியில் பார்க்கிறேன்!

சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அழவில்லை, கோபம்தான் வந்தது. "பிள்ளையாரே, எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது. உமக்குமா தெரியாது? தெரிந்துகொண்டு ஏன் அந்தத் தேங்காயை வாங்கினீர்?" என்று கேட்டேன். அவர் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். நான் முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "இஞ்சரும், பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு வாரும். மனேஜரோட மல்லுக்கட்டாதையும். உம்மட வேலையும் சேர்ந்து போகும்."

"போனாப் போகட்டும். அவவை நான் அனுப்பிப்போட்டு, நான் மட்டும் அங்க நிண்டு அலுமாரி துடைக்கிறதோ?" என்றேன்.

அடுத்த வேலை நாள் காலை, துணி அறையில் வைத்து அக்காவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு விஷயத்தையும் சொன்னதில்லை. அவர் உடனே நம்பவில்லை. "ஸேம் என்று சொன்னாயே மனா" என்றார். பிறகு முகம் மாறியது. "நீதானே சொன்னாய்! ஸேம், ஸேம் என்று!" கையில் இருந்த துவாய்க் கட்டை நிலத்தில் எறிந்தார். ஓம், நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் துவாய்களைப் பொறுக்கி மடித்தோம். கடைசித் துவாயை அடுக்கிவிட்டு அவர் சொன்னார்: "சரி. நீ எழுதினாய். நீயே வந்து சொல்லு."

அதைத்தான் நானும் நினைத்து வந்திருந்தேன்.

மனேஜர் கம்ப்யூட்டரில் இருந்து கண் எடுக்காமல், ஐந்து நிமிடம்தான் தரலாம் என்றார். அவருடைய மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள். ஏழு வருடமாக அந்தக் கதிரைகளைத் துடைத்திருக்கிறேன், தூக்கி வைத்துக் கீழே கூட்டியிருக்கிறேன். ஒருநாளும் அவற்றில் இருந்ததில்லை. அன்று இருந்தேன். அக்காவும் பக்கத்தில் வந்து இருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். என் இங்கிலீஷை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கள் நண்பி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தார். நான் எழுத்தில் ஏற்றுக்கொண்டேன். முடிந்த விஷயம்."

"அது அவவின்ர எழுத்தில்லை. என்ர எழுத்து."

"கையெழுத்து அவருடையது."

"கையெழுத்து அவவின்ர. சொல்லு என்ர. பிழையும் என்ர."

"இதில் உங்களுக்குச் சம்பந்தமில்லை. நீங்கள் உங்கள் வேலையையும் யோசிக்க வேண்டும்" என்றார், அதே சிரிப்போடு.

என் வீட்டுக்காரர் சொன்ன அதே சொல். ஆனால் அவர் பயத்தில் சொன்னார், இவர் பயம் காட்டச் சொன்னார். எழும்பினேன். நான் போகிறேன் என்று நினைத்து அவர் திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் போனது கதவுக்கு வெளியே இருந்த நோட்டீஸ் போர்டுக்கு. அதில் குத்தியிருந்த தாள்களில் மூன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, சீட்டு விளையாடுகிறவர்கள் போடுவதுபோல ஒவ்வொன்றாக அவர் மேசையில் போட்டேன். மூன்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் நோட்டீஸ் என்று இருந்தது.

"இது லிப்ட் பழுது எண்ட நோட்டீஸ். கீழ உங்கட கையெழுத்து. நீங்கள் வேலையை விட்டிட்டீங்களோ?"

அடுத்த தாளைப் போட்டேன்.

"இது பன்னிரண்டாம் அறை அம்மாவுக்குத் தொண்ணூற்றிரண்டாவது பிறந்தநாள் எண்ட நோட்டீஸ். அவ எங்கையாவது போறாவோ? இது புதன்கிழமை பாட்டுக் கச்சேரி. பாட்டுக்காரர் ஆரும் வேலையை விட்டவையோ?"

"அது வேறு நோட்டீஸ்" என்றார் அவர், கொஞ்சம் எரிச்சலாக.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிள்ளையார் என்னை அங்கே அனுப்பினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"அப்ப நோட்டீஸ் ஒண்டு இல்லை, ரெண்டு மூண்டு இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தெரியாமல் எழுதினம். தெரிஞ்ச நீங்கள் ஏன் கேக்கேல்லை? மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது எண்டு அதில எழுதியிருக்கு. ஆறு வருசம் உங்கட இல்லத்தில குனிஞ்சு நிமிந்த மனுசி போறா எண்டால், ஏனம்மா போறீங்கள் எண்டு ஒரு சொல்லுக் கேக்க மாட்டீங்களோ?"

அவருடைய சிரிப்பு அப்போதுதான் நின்றது. அக்கா மெதுவாக, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "நான் போகவில்லை. நான் திரும்பி வருவேன். ஏழு மணிக்கு."

மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் மனேஜர். கேளுங்கள் என்றேன். அவர் மேசையிலேயே ஒரு தாள் வாங்கிப் புதிதாக எழுதினேன். முதல் வரி: நான் இந்த வேலையை விடவில்லை. இரண்டாவது வரி: எனக்கு இரண்டு கிழமை லீவு வேண்டும். நன்றியும் போடவில்லை, ஆசீர்வாதமும் போடவில்லை. அக்கா கையெழுத்து வைத்தார். கிடைத்தது என்று மனேஜரும் கையெழுத்து வைக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவர் கதவைத் தட்டி, மேலிடம் என்ன சொன்னது என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அதற்கடுத்த நாளும் தட்டினேன். மூன்றாம் நாள் இல்லத்துச் சமையல்காரர் எனக்கு முன்னமே போய்த் தட்டியிருந்தார். அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நாலாம் நாள் கடிதம் வந்தது. இந்தமுறை நான் வாசிக்கவில்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, பதில் வரும்வரை குசினியில் காத்திருந்தோம். போனில் வந்தது மூன்றே சொல்: "வேலை இருக்கு. லீவும்."

அக்கா என் கையில் அடிக்கக் கையைத் தூக்கினார். பிறகு நிறுத்தி, விரலை ஆட்டிக்கொண்டு, "அலுமாரி ஸேம். கதிரை ஸேம். நோட்டீஸ், நொட் ஸேம்!" என்றார். அதற்குப் பிறகுதான் அடித்தார்.

போர்த்துக்கலுக்குப் போனார். பேரனைத் தூக்கினார். திரும்பி வந்து ஏழு மணிக்கு வேலையில் நின்றார். ஆறே முக்காலுக்கு இல்லை. வந்த கிழமையே எங்கள் கோயிலுக்கும் வந்து, தன் கையால் ஒரு தேங்காய் உடைத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "கோயிலை இடிச்ச ஆக்களின்ர பேத்தி தேங்காய் உடைக்க வந்திருக்கிறா" என்று காதுக்குள் சொன்னார். பிள்ளையாரை நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த முதல் தேங்காயை அவர் ஏன் வாங்கினார் என்று இப்போது எனக்குத் தெரியும். நடக்கப் போகிற சண்டைக்கு அவர் முன்கூட்டியே வாங்கி வைத்தது அது.

மனேஜர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. லீவுக் கடிதங்கள் இனிமேல் தெளிவான இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று போர்டில் ஒரு நோட்டீஸ் போட்டார். கொஞ்சக் காலத்தில் அவரே வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஒழுங்காக நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போனார். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் அங்கே இருக்கிறோம். அக்கா சொற்களை எழுதி வைக்கும் கொப்பியில் அந்தச் சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. கவனிப்பதற்கு 'ரெப்பரார்', சுவரில் ஒட்டுவதற்கு 'அவீசு' என்று தன் பாஷையில் எழுதி, அடியில் சிவப்புப் பேனாவால் 'நொட்டீசியா இல்லை' என்று இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இங்கிலீஷ் எழுத வராதவர்கள், லீவுக் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள். அவ்வளவு பெரிய பிழை விட்ட கை என்று தெரிந்தும் வருகிறார்கள். நானும் எழுதிக் கொடுக்கிறேன். காய்ச்சலுக்கு லீவு கேட்டாலும், கலியாணத்துக்குக் கேட்டாலும், முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'நான் இந்த வேலையை விடவில்லை.' அதை எழுதும் ஒவ்வொரு முறையும், இந்த நாட்டில் இத்தனை வருடமும் நான் சொல்ல நினைத்துச் சொல்லத் தெரியாமல் இருந்த முதல் வரியும் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.